நேராக மட்டும் போகும் கார்

கிழக்குத் தாம்பரம்,
புதன்கிழமை.

மரியாதைக்குரிய அத்திம்பேர் அவர்களுக்கு, மைத்துனன் கஸ்தூரிரங்கன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையில் இங்கே நானும் சந்திரிகாவும் சௌக்கியம். மன்னார்குடியில் நீங்களும் அக்காவும் அப்படியே இருக்கப் பிரார்த்திக்கிறேன். உங்கள் கொல்லை மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறைய வந்து சேர்ந்தது. பாதியைச் சந்திரிகா ஊறுகாய் போட்டுவிட்டாள், மீதியை ஏதாவது நல்ல காரியத்துக்கு ஆகட்டும் என்று நான் எடுத்து வைத்தேன். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தைத் தவிர நீங்கள் எதையும் திறப்பதில்லை என்பதால் கூரியரில் இந்தக் கடிதம்.

எங்கள் பெண், உங்கள் மருமாள் மிருதுளா நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் சனி, ஞாயிறு வந்தால் திருமுடிவாக்கத்தில் தயாளன் என்பவருடைய பட்டறையில் பந்தயக் கார் செய்கிறாள். அக்காவைக் காஞ்சிபுரம் வரதரைச் சேவிக்க அழைத்துப் போனோமே, அதே பழைய கார்தான். "சும்மாத்தானேப்பா நிக்கறது, நான் எடுத்துக்கட்டுமா?" என்றாள். ஆபீஸ் போக என்று நினைத்துச் சாவியைக் கொடுத்துவிட்டேன். பின் சீட்டைக் கழற்றினாள், ஏசியைக் கழற்றினாள், எல்லாம் கனமாம். டாஷ்போர்டில் இருந்த பெருமாளை மட்டும் விட்டு வைத்தாளே என்று மனசு குளிர்ந்து கிட்டே போய்ப் பார்த்தால், பெருமாள் ஸ்டிக்கராக இருக்கிறார். ஃபிரேமும் கனமாம். அந்தக் கார் இனிமேல் கோயிலுக்கும் போகாது, கறிகாய் வாங்கவும் போகாது. கால் மைல் நேராக ஓடும், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு கார் ஓடும், யார் முதலில் போய்ச் சேர்கிறார்கள் என்று பார்ப்பார்கள். போய்ச் சேர்கிற இடத்தில் என்னம்மா இருக்கிறது என்று கேட்டேன். ஒன்றும் இல்லையாம்.

இதற்குப் பெட்ரோல் ஒத்து வராதாம், எத்தனால்தான் வேண்டுமாம். கரும்பிலிருந்து வடிப்பது. நம் வம்சத்தில் ஒருவரும் மோந்துகூடப் பார்க்காத சரக்கு ஒரு டிரம் நிறைய நம் வீட்டு வாசலில் வந்து இறங்கிற்று. காலனி செயலாளர் சாம்பசிவன் சுற்றிச் சுற்றி வந்து, "ரிட்டயரானப்புறம் ஏதாவது பிசினஸா சார்?" என்றார். இது போதாதென்று டர்போ வேறு. என்ஜின் விடுகிற புகையைக் கொண்டே ஒரு விசிறியைச் சுழலவிட்டு, அதை வைத்து என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறார்கள். புரியவில்லை என்றதும் தயாளன் விளக்கினார்: "சார், நீ சாம்பார் போதும் போதும்னு கைய காட்டிகினே இருந்தாலும் மாமி ஊத்துதுல்ல? அத்தான் டர்போ."

பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே முப்பது வருஷம் மின்சார ரயில் ஓட்டியவன் நான். எங்களுக்கு மஞ்சள் விளக்கு என்றால் வேகத்தைக் குறைக்க வேண்டும், இவர்களோ கிளம்பும் கோட்டில் மஞ்சளைக் கண்டால் உறுமுகிறார்கள். போன ஞாயிறு ஒரகடம் பக்கம் ஒரு தனியார் ரோட்டில் சோதனை ஓட்டம், நானும் போனேன். முன் டயர்களைச் சுற்றவிட்டுச் சூடேற்றி, காரைக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினாள். எல்லோரும் லேப்டாப்பில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது, வீட்டுப் பெரியவனாக நான் போய்ச் சம்பிரதாயப்படி செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பச்சை எரிந்தது. நேராகப் போவதற்கென்றே செய்த கார் அலறிக்கொண்டு கிளம்பி, இடது பக்கம் திரும்பிப் புல்லுக்குள் போய் நின்றது. தூக்கி வரலாம் என்று ஓடினேன் அத்திம்பேர். அவளோ ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு சிரித்தபடி வருகிறாள், ஒரு சிராய்ப்புகூட இல்லை. எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

தயாளன் வண்டியை அக்கக்காகப் பிரித்துப் பார்த்துவிட்டார். "எல்லாம் கரீட்டாத்தான் சார் கீது. அப்பால ஏன் சைடு வாங்குச்சுன்னுதான் பேஜாரா கீது" என்கிறார். காரணம் தெரியாமல் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இறங்க மாட்டேன் என்று மிருதுளா சொல்லிவிட்டாள். இரண்டு வருஷமாக இதற்காகவே உழைத்த குழந்தை, முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் காரணம் எனக்குத் தெரியும். எத்தனால்தான். போதை ஏறின எது நேராகப் போயிருக்கிறது? ஆகவே சனிக்கிழமையே நீங்கள் புறப்பட்டு வந்து, காரை விற்றுவிடும்படி அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவாள். உங்கள் வார்த்தையைத் தட்ட மாட்டாள்.

அக்காவின் முழங்கால் வலி தேவலையா? அவளுக்கு என் நமஸ்காரம். உங்கள் இருவரின் ஆசீர்வாதமும் குழந்தைக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சந்திரிகா வாங்கிப் படித்தாள். "ஏன்னா, செய்ய வேண்டியதைச் செஞ்சேன்னு எழுதியிருக்கேளே, என்ன செஞ்சேள்?" என்று கேட்டாள். புது வண்டி கிளம்பும்போது எல்லோரும் செய்வதுதான், முன் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்தேன் என்றேன். இடது சக்கரத்துக்கு நல்ல சாறுள்ள பழமாகப் பார்த்து வைத்ததையும் சொன்னேன். உள்ளே இருந்து இதைக் கேட்ட மிருதுளா வந்து, தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். உடனே தயாளனுக்குப் போன். "இன்னா சார், டயரு ரோட்ட புடிக்கணும்னு நாங்க உசிர வுட்டுகினு கீறோம், நீ ஜூஸ் புழிஞ்சி வுட்ருக்கியே!" என்றார். ஆக, எத்தனால் மேல் குற்றம் ஏதும் இல்லை. குற்றம் உங்கள் கொல்லை மரத்தினுடையது. காரை விற்கும் பேச்சை நீங்கள் எடுக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கு அக்காவையும் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எனக்குப் பயம் இன்னும் போகவில்லை. அதனால் ஒரே ஒரு பழம் கையில் வைத்துக்கொள்ள மிருதுளா அனுமதி கொடுத்திருக்கிறாள், கார் போய்ச் சேரும் வரை தயாளன் என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.