கத்தரிக்கப்பட்ட புகைப்படம்

‘எதுக்கு வம்பு’ ஆசாமியை உங்களுக்குத் தெரியாமலிருக்க முடியாது. அவர் கெட்டவர் அல்லர். அதுதான் தொல்லையே, கெட்டவராயிருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நான் கணக்கு வாத்தியாராக இருக்கும் பள்ளியில் அவர் பெயர் ஹார்லன் பிக்கெட். தலைமையாசிரியர்.

இனத்தையோ பாலினத்தையோ சொல்லி எந்தக் குழந்தையும் மனம் நோகும்படி பாடம் நடத்தக் கூடாது என்று மாநிலத்தில் ஒரு சட்டம் வந்தது. சட்டம் என்னவோ இரண்டு பக்கம். எங்கள் ஆசாமி போட்ட சுற்றறிக்கை பதினான்கு பக்கம். வகுப்புப் புத்தக அலமாரிகளைப் பழுப்புத் தாள் ஒட்டி மூடினார். கோழி அடைகாக்கும் படத்தையும் கழற்றினார். ஏனாம்? சேவல் எங்கே என்று எவனாவது கேட்டுவைத்தால்?

“சட்டத்துல இதெல்லாம் இல்லையே சார்” என்றேன்.

“இல்லைதான். நாளைக்கு இருக்குன்னு ஒருத்தர் கிளம்பினா? எதுக்கு வம்பு?”

கடைசியில் தாழ்வாரத்தில் தொங்கும் அறுபது வருஷத்துக்கு முந்தைய புகைப்படத்துக்கு வந்தார். வெள்ளைப் பிள்ளைகள் மட்டுமே படித்த எங்கள் பள்ளிக்குள் ஏழு வயதுக் கறுப்புச் சிறுமி எர்லீன் முதன்முதலாக நுழைகிறாள். காவலுக்கு இரண்டு போலீஸ்காரர்கள். பின்னால் கூச்சல் போடும் கூட்டம். எர்லீனின் மகள் ரொவீனாதான் எங்கள் நான்காம் வகுப்பு ஆசிரியை.

“கழட்டப் போறீங்களா சார்?” என்று கேட்டார் ரொவீனா.

“ச்சேச்சே, உங்கம்மா படத்தைப் போய்க் கழட்டுவேனா? கொஞ்சம் பதமா மாத்திடறேன்.”

கீழே இருந்த ‘முதல் கறுப்பின மாணவி’ என்பது ‘முதல் மாணவி’ ஆயிற்று. எதில் முதல் என்று கேட்பார்களே? ‘ஒரு மாணவி பள்ளிக்கு வருகிறாள்.’ அப்புறம் அந்தக் கூட்டம்: ஊர்க்காரர்களின் தாத்தா பாட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள், பேரப்பிள்ளைகள் மனம் நொந்தால்? கத்தரித்தார். மிச்சம் ஒரு சிறுமியும் இரண்டு போலீஸ்காரர்களும்.

மறுநாள் காலை நான்காம் வகுப்பு வரிசை அதன் முன்னால் நின்றுவிட்டது. மேஸி என்ற வாண்டு கேட்டாள்:

“டீச்சர், இந்தப் பொண்ணு என்னத்தத் திருடிச்சு?”

ரொவீனாவின் முகம் சுண்டிப்போயிற்று. பிக்கெட்டும் நானும் பக்கத்தில்தான் நின்றோம்.

“எங்கம்மா திருடி இல்லைன்னு சொல்லலாமா சார்? அதுவும் சுற்றறிக்கையில வருதா?”

“மதியச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு, எல்லாரும் நடங்க” என்றார் பிக்கெட். அப்போது மணி ஒன்பதரை.

ரொவீனா நகரவில்லை. யார், எதற்காக வந்தாள், ஏன் காவல், வெட்டிய பாதியில் யார் நின்றார்கள், எல்லாவற்றையும் நாலே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். யாரும் அழவில்லை. மேஸி மட்டும், “பாவம், பயந்திருப்பாங்கல்ல?” என்று கேட்டு டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

யாரோ ஒரு பெற்றோரிடமிருந்து புகார் போயிற்று. ரொவீனாவின் வேலைக்கே உலை. எந்தக் குழந்தையும் மனம் நோகவில்லை என்று பார்த்தவர் ஒருவர் எழுதிக் கொடுத்தால் தப்பிப்பார். பிக்கெட் தாளை என்னிடம் நீட்டினார்.

“நீங்க அங்கதான இருந்தீங்க?”

இரண்டு நாள் யோசித்து, ‘அந்நேரம் நான் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன்’ என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். பிக்கெட் என் தோளில் தட்டினார். ரொவீனாவின் மேஜை காலியாகி ஒரு மாதமாகிறது.

சரி, என்னை விடுங்கள். அந்தத் தாளில் இன்னும் இடமிருக்கிறது. நீங்கள் என்ன எழுதுவீர்கள்? அடடா, அதற்குள் ஏன் குனிகிறீர்கள்? உங்கள் காலில் இருப்பது செருப்பல்லவா?