முயல் தீவிலிருந்து தெரியும் மலை

போன வாரம் இந்தப் பத்திரிகையில் தீவுச் சுற்றுலா பற்றி எழுதியவரே, நீங்கள் எழுதியது உங்கள் சரக்கு இல்லை. தூத்துக்குடி முயல் தீவில் பார்க்க வேண்டியவை என்று ராணி குளித்த தொட்டி, பழைய முத்துச் சந்தை, மூழ்கிய கோயிலின் மணியோசை, இலங்கை மலை என நான்கைச் சொல்லியிருக்கிறீர்கள். நான்கையும் உண்டாக்கியவர் டியூப் அண்ணாச்சி. அவர் உண்டாக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன்.

உலகத்தில் அவரைப் போலக் கடலுக்குப் பயந்தவர் ஒருவரும் இல்லை. உடன்குடியிலிருந்து வந்து கடற்கரையில் கருப்பட்டிக் கடை போட்டவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மிக்கேல் என்ற கடல்காரனின் வள்ளத்தை வாடகைக்குப் பிடித்து, ஆள் சேர்த்து, தீவைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போவார். வேட்டிக்கு மேல், இடுப்பில் காற்றடித்த லாரி டியூப். அதோடுதான் வள்ளத்தில் ஏறுவார், அதோடுதான் சோறு தின்பார். இவ்வளவு பயத்தோடு ஏன் இந்தத் தொழில் என்று கேட்டேன்.

"கரையில நின்னா கடலு நம்மளையே பாத்துக்கிட்டு இருக்குலா தம்பி. அதுக்கு நாமளே போயிருதது நல்லது" என்றார்.

நான் அப்போது கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தா. வறண்ட சாத்தான்குளத்துக்காரனான எனக்குத் தண்ணீரைப் பார்த்தாலே திருவிழா. முதல் தடவை போனபோது தீவில் மணலும் முள்ளும்தான் இருந்தன. முயல்கூட இல்லை.

"கோட்டை இருக்குன்னு சொன்னீங்களே அண்ணாச்சி, எங்க?"

"அதுமேலதான நிக்கீரு. முழுசாப் பாக்கணும்னா முன்னாலயே வந்திருக்கணும்."

ஒரு நாள் செருப்பு நனையுமென்று ஒரு வாத்தியார் சம்சாரம் வள்ளத்தை விட்டு இறங்க மாட்டேன் என்றார். பாறையில் தண்ணீர் தேங்கிய குழியைக் காட்டி, "பாண்டிய ராணி குளிச்ச தொட்டிம்மா. ராணியே கால நனைச்சிருக்கா" என்றார் அண்ணாச்சி. அந்த அம்மாள் இறங்கியதோடு நிற்கவில்லை. முகமும் கழுவிக்கொண்டார்.

வள்ளக்காரன் மிக்கேலுக்குப் பொய் ஆகாது. துடுப்பைப் பிடித்தபடி, "அது பாசி புடிச்ச குழி" என்றான்.

சிப்பி ஓடு குவிந்த இடம் முத்துச் சந்தை ஆனது. "நாங்க தின்னுட்டுப் போட்ட ஓடு" என்றான் மிக்கேல். துறைமுகத்து மிதவையில் கட்டிய மணி அலைக்கு ஆடி ஒலிக்கும். அது மூழ்கிய கோயில் மணி ஆனது. "மிதவை" என்றான் மிக்கேல், ஒரே வார்த்தையில். யாரும் அவனைக் கேட்கவில்லை. எல்லோரும் கண்ணை மூடி மணியைக் கேட்டார்கள். எனக்கும் மிதவை என்று தெரியும். நானும் மூடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் தனியாக வந்தாள். சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவள். ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை. அண்ணாச்சி தொட்டியைக் காட்டினார், அவள் பார்க்கவில்லை. சந்தையைக் காட்டினார், திரும்பவில்லை. கிழக்குக் கரையில் போய் நின்றாள்.

"ஐயா, இங்கருந்து எங்க மலை தெரியுமா? தங்கச்சிய அங்கயே விட்டுட்டாங்க. எனக்கு இந்த நாடுன்னு எழுதினாங்க, அவளுக்கு அந்த நாடுன்னு எழுதினாங்க. தெரியும்னு யாரோ சொன்னாங்க. அதப் பாக்கத்தான் வந்தேன்."

கோட்டையை மணலில் கட்டிய அண்ணாச்சி, டியூபைத் தடவிக்கொண்டு நின்றார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடல் எண்ணெய் தடவினாற்போல் லேசாக மட்டும் அசைந்தது. கடலும் வானமும் சேரும் இடத்தில் நீலமாக ஒரு மேகம், முதுகு முதுகாக எழுந்து நின்றது.

அண்ணாச்சி டியூபைக் கழற்றினார். மணலில் போட்டு, "உக்காரு தங்கச்சி" என்றார். பிறகு வெறும் இடுப்போடு, முழங்கால் தண்ணீர்வரை இறங்கிப் போய்க் கையை நீட்டினார்.

"அந்தா."

எனக்குக் கோபம் வந்தது. ராணியை வைத்து விளையாடலாம், இதை வைத்தா? அது மேகம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவளோ என்னைப் பார்க்காமல் மிக்கேல் பக்கம் திரும்பினாள். கடலில் பிறந்தவன் அவன் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது.

"மலைதானா அண்ணே?"

மிக்கேல் வெகுநேரம் பார்த்தான். அண்ணாச்சி தண்ணீரில் நின்றபடியே அவனைப் பார்த்தார்.

"மலைதான்" என்றான் மிக்கேல்.

அவள் டியூபில் உட்கார்ந்தாள். மேகத்தின் அடி மெல்லக் கறுத்தது.

"அங்க மழ பெய்யுது" என்றாள். "இந்நேரம் பறிச்ச கொழுந்த எடை போட்டுட்டு வீட்டுக்குப் போயிருப்பா."

தூரத்தில் மிதவை மணி அடித்தது. மேகம் கறுத்துக் கரையும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அதுவரை அண்ணாச்சியும் தண்ணீரை விட்டு ஏறவில்லை. அதற்குப் பிறகு யார் வற்புறுத்தியும் அந்த மலையை அவர் எவருக்கும் காட்டியதில்லை. "இன்னைக்கு மூடியிருக்கு" என்று சொல்லிவிடுவார்.

கட்டுரையாளரே, தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையையும் மணியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால், "வானம் தெளிவாக இருந்தால் இலங்கை மலை தெரியும்" என்று எல்லாருக்கும் பொதுவாக எழுத உங்களுக்கு யார் சொன்னது? நீங்கள் அதைப் பார்த்தீர்களா, இல்லையா? இதே பக்கத்தில் பதில் எழுதுங்கள். அண்ணாச்சி இப்போது உடன்குடியில் இருக்கிறார், இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்.

நான் பார்த்தேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது.