வெயிலுக்குத் தப்பிய விடுமுறை

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்கால் மணிக்கு, மூன்றாவது கோப்பை காப்பியோடு, ஸ்டெயினார் அந்தக் கோடையின் பெரிய முடிவை எடுத்தார். மச்சான் வீட்டுக்குப் போவது. தாமாகவே. யாரும் இழுக்காமல்.

அவருடைய மணவாழ்வில் இப்படி ஒன்று நடந்ததே இல்லை.

விடுமுறை நாலே நாள், வியாழன் முதல் ஞாயிறு வரை. ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் துறைமுக அலுவலகத்தில் ஜூலை மாதம் அதற்கு மேல் கேட்டால் முறைப்பார்கள். அந்த நாலு நாளில் அவருக்கு வேண்டியது ஒன்றுதான். படுக்க வேண்டும். படுத்தபடியே ஒரு துப்பறியும் நாவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும். இடையில் யாராவது காப்பி கொண்டுவந்தால் மறுக்கமாட்டார்.

இதற்குக் குறுக்கே நின்றது புல்.

மனைவி ஸ்வாலாவின் அண்ணன் எகில், கிழக்குக் கடற்கரையில் ஒரு கடற்கழி ஓரமாகச் செம்மறி வளர்க்கிறவர். ஜூலையில் அங்கே வெயில் அடித்தால் போச்சு. புல்லை அறுக்க வேண்டும், காயப்போட வேண்டும், புரட்ட வேண்டும், உருட்டிக் கட்ட வேண்டும். உறவுக்காரர் யார் கண்ணில் பட்டாலும் கையில் புல் வாரியைக் கொடுத்துவிடுவார்கள். மூன்று வருடத்துக்கு முன், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஸ்வாலா கூட்டிப்போனாள். திரும்பி வந்த பிறகு ஒரு மாதம், குனிய முடியாத ஸ்டெயினாருக்கு ஷூ லேசைக் கட்டிவிட்டவள் அவள்தான்.

இந்த வருடமும் மூன்று வாரமாக அதே பேச்சு. அண்ணனுக்குத் தோள் வலி. வேலைக்கு இருந்த இருவரும் நின்றுவிட்டார்கள். புல் இடுப்பு உயரம் நிற்கிறது. நல்ல வெயில் வந்தால் நாம் போய்த்தான் ஆக வேண்டும். காலையில் ஒருமுறை சொன்னாள். சாப்பிடும்போது ஒருமுறை சொன்னாள். படுக்கையில் விளக்கை அணைத்த பிறகும் ஒருமுறை சொன்னாள்.

போகாமலே இருந்துவிடலாம். ஆனால் குளிர்காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுவாள். அந்த நாட்டில் குளிர்காலம் லேசில் முடிகிற சமாச்சாரம் இல்லை.

ஆக, போகவும் வேண்டும், புல்லைத் தொடவும் கூடாது. விடை வானிலைப் படத்தில் இருந்தது. ஊரில் எல்லோரும் ஜூலை மாதம் அந்தப் படத்தில் வெயிலைத் தேடுவார்கள். எங்கே மஞ்சள் வட்டம் தெரிகிறதோ அங்கே கூடாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். ஸ்டெயினார் தேடியது சாம்பல் நிறம். கிடைத்தது. கிழக்கே வியாழன் முதல் மூடுபனி, தூறல், மறுபடி மூடுபனி. ஈரப் புல்லை எந்த விவசாயியும் அறுக்கமாட்டான். இருபது வருடமாகக் கப்பல்களுக்குக் காற்றும் மழையும் பார்த்துச் சொல்கிறவர் அவர். இந்த நாட்டில் தன்னைவிட வானத்தைப் படிக்கத் தெரிந்தவன் இல்லை என்பது அவர் எண்ணம்.

ஸ்வாலா தலைமுடியைக் கட்டிக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"எகில் வீட்டுக்குப் போலாமா?"

அவள் கை நின்றது. "யாரு, நீயா கேக்கற?"

"பாவம், தோள் வலின்னு சொன்னியே."

"அங்க பனின்னு போட்டிருக்கே, ஸ்டெயினார். வடக்க நல்ல வெயிலாம். தங்கச்சி கூட அங்கதான் போறா."

"வெயில் என்ன வெயில். சொந்தம்னு ஒண்ணு இருக்கில்ல."

"புல்லு அறுக்க முடியாதே. உனக்குத்தான் வீண் அலைச்சல்."

"முடியலன்னா என்ன? பக்கத்துல உக்காந்து நாலு வார்த்தை ஆறுதலா பேசலாம்."

அவள் பெருமூச்சு விட்டு, உன் இஷ்டம் என்றாள். அந்தப் பெருமூச்சில் வருத்தம் கொஞ்சம் குறைவாக இருந்தது. ஸ்டெயினார் அதைக் கவனிக்கவில்லை. கிழக்கே காற்று எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நீச்சல்குளத்து வெந்நீர்த் தொட்டியில், கழுத்துவரை நீரில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஐஸ்லாந்தில் மூடுபனியைத் தேடிப் போகிற முதல் ஆள் நீதான் என்றார். ஸ்டெயினார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை தென்கரை நெடுகிலும் வெயில் கொளுத்தியது. எதிரே கூடார வண்டிகள் சாரை சாரையாகக் கிழக்கிலிருந்து ஓடி வந்துகொண்டிருந்தன. ஸ்டெயினார் அவற்றுக்கெல்லாம் கை அசைத்தார். பனியாற்றுப் பக்கம் நிறுத்தி, அந்த நாட்டு வழக்கப்படி கருவாட்டில் வெண்ணெய் தடவித் தின்றார்கள். மாலையில் கடற்கழிப் பக்கம் திரும்பியதும் முன்னால் வெள்ளைச் சுவராக மூடுபனி. தந்திக் கம்பம் தெரியவில்லை. வேலி தெரியவில்லை. எகில் வீட்டு நாய் குரைத்தது கேட்டது, நாயைக் காணோம். ஸ்டெயினாருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மேசையில் பான்கேக், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டில் செய்த ஜாம், காப்பி எல்லாம் தயாராக இருந்தன. எகில் ஜன்னலைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். எகிலின் மனைவியும் பிதுக்கினாள். இப்படி ஒரு பனியில் புல்லாவது ஒன்றாவது என்று இருவரும் அலுத்துக்கொண்டார்கள். நாலாவது பான்கேக்கில் ஸ்டெயினாருக்குப் பெருந்தன்மை ஊற்றெடுத்தது. பாதுகாப்பான இடத்தில் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

"என்ன மச்சான் இது. கையக் கட்டிட்டு உக்கார வெச்சுட்டீங்க. நான் வேலை செய்யலாம்னுதான் வந்தேன்."

"அப்படியா மாப்ள?"

ஸ்வாலா ஜாமைத் தள்ளி வைத்தாள். "சரியா சொல்லு, ஸ்டெயினார். அண்ணன் சங்கோஜப்படுவான். எந்த வேலையா இருந்தாலும் செய்வேன்னு சொல்லு."

"எந்த வேலையா இருந்தாலும்," என்றார் ஸ்டெயினார். நெஞ்சில் கை கூட வைத்தார்.

எகில் காப்பியைக் குடித்து முடித்தார். அவசரப்படாமல் வாயைத் துடைத்தார். "அப்ப அந்தப் பழைய ஆட்டுக் கொட்டகைய காலி பண்ணிரலாம். ஆடெல்லாம் மலைல இருக்கு. தரைப்பலகைக்கு அடியில ஒம்பது வருஷத்து எரு. உள்ள மெஷின் போகாது, பாறை மாதிரி இறுகிப் போச்சு, மண்வெட்டிதான். கூரை இருக்கறதால மழை ஒண்ணும் பண்ணாது மாப்ள. மழைக்குன்னே வெச்சிருந்தேன்."

ஸ்டெயினார் வாயில் பான்கேக் நின்றது. இந்த உடுப்போடு எப்படி, ரப்பர் பூட்ஸ் கூட இல்லையே என்றார். ஸ்வாலா எழுந்து போய்ப் பெட்டியின் அடியிலிருந்து எடுத்து வந்தாள். ரெய்க்யவிக் வீட்டில் மீன் வாளிக்குப் பக்கத்தில் கிடந்த அவருடைய பழைய வேலை உடுப்பு, துவைத்து மடித்திருந்தது. பூட்ஸ். கையுறை இரண்டு ஜோடி.

வெள்ளிக்கிழமை முழுதும் வெட்டினார். சனிக்கிழமையும் வெட்டினார். எகிலுக்குத் தோள் வலி உண்மைதான். அதனால் தள்ளுவண்டிப் பக்கம் நின்று எப்படி வெட்ட வேண்டும் என்று சொன்னார். எருவின் வாசனை பற்றி முதல் நாள் ஸ்டெயினாருக்கு நிறையச் சொல்ல இருந்தது. இரண்டாம் நாள் மூக்கு வேலையை விட்டுவிட்டது. ஸ்வாலா வீட்டுக்குப் பின்னால் வெந்நீர்த் தொட்டியில் இருந்தாள், அவருடைய துப்பறியும் நாவலோடு. சாயங்காலம் தலையில் துண்டு சுற்றிக்கொண்டு கொட்டகை வாசலுக்கு வந்தாள்.

"டாக்டர்தான் கொன்னது," என்றாள். "எனக்கு நடுவுலயே தெரிஞ்சுபோச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலை பனி விலகியது. வெயில் கொட்டகை வாசல் வழியாக உள்ளே விழுந்தது. கடைசி மூலை மட்டும் பாக்கி. ஸ்டெயினார் மண்வெட்டியைப் போட்டார். வாழ்க்கையில் முதன்முறையாக வெயிலைக் கண்டு அவருக்கு ஆசை வந்தது. திறந்த வெளி, காற்று, நல்ல காய்ந்த புல்.

"மச்சான், வெயில் வந்துருச்சு. வாங்க, புல்லைப் பாக்கலாம்," என்று வெளியே ஓடினார்.

வயல் கடல்வரை மொட்டையாகக் கிடந்தது. ஒட்ட அறுத்திருந்தார்கள். வேலி நெடுகிலும் வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல் உருளைகள், எண்ணி மாளாது, வரிசையாக உட்கார்ந்து அவரைப் பார்த்தன.

"அதெல்லாம் போன வாரமே முடிஞ்சுது மாப்ள," என்றார் எகில், வண்டியைத் தள்ளியபடி. "பக்கத்துப் பண்ணைக்காரங்க வந்து முடிச்சுக் குடுத்துட்டாங்க. ஸ்வாலாகிட்ட சொன்னேனே."

ஸ்வாலா படிக்கட்டில் வெயில் காய்ந்துகொண்டிருந்தாள். ஸ்டெயினார் போய் அவள் முன்னால் நின்றார். அவள் இரண்டு படி மேலே நகர்ந்து உட்கார்ந்தாள், வாசனைக்காக.

"புல்லு முடிஞ்சது உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"அப்புறமும் எதுக்குப் புல்லு புல்லுன்ன?"

"எரு வெட்டப் போலாம்னா வந்திருப்பியா?"

அவர் யோசித்தார். வந்திருக்கமாட்டார்.

"வெயில் வந்தா புல்லுன்னு சொல்லிட்டேன். மழை வந்தா நீயே கூட்டிட்டு வருவேன்னு தெரியும். மூணு வாரமா நானும்தான் அந்தப் படத்தைப் பாத்துட்டிருந்தேன். செவ்வாக்கிழமை நீ கேக்கறதுக்கு முன்னாடியே பெட்டி கட்டியாச்சு."

"வடக்க போலாம்னியே."

"உடனே சரின்னா நீ சந்தேகப்பட மாட்டியா?"

இவ்வளவு பாடு உன் அண்ணனின் எருவுக்காகவா என்று கேட்டார் ஸ்டெயினார். அவள் கொட்டகையைப் பார்த்தாள். கல்சுவர், தகரக் கூரை, முன்னால் கடல்.

"அண்ணனுக்கு எருதான் வேணும். கொட்டகை எனக்கு. காலி பண்ணிட்டா எடுத்துக்கோன்னுட்டான். கோடைக்கு வந்து தங்க வீடா மாத்திக்கலாம், ஸ்டெயினார். ஜன்னலோரம் உனக்கு ஒரு கட்டில் போடலாம். படுத்துக்கிட்டே படி."

கட்டில் என்றதும் ஸ்டெயினாருக்குக் கோபத்தைத் தொடர முடியவில்லை. உள்ளே போய்க் கடைசி மூலையையும் வெட்டி முடித்தார்.

அடுத்த ஆண்டு ஜூன் 19ஆம் தேதி கொட்டகையை வீடாக்க அதன் பழைய கூரையைப் பிரித்தார்கள். ஏணியில் ஏறியவர் ஸ்டெயினார்.