சீட்டில் வைத்த சீனக் கிண்ணம்

வெள்ளவத்தை,
11.03.1997

பெருமதிப்புக்குரிய நாகமணி அக்காவுக்கும் அத்தானுக்கும் தம்பி சுந்தரலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தையல்நாயகியும் சுகம். டொரொன்டோக் குளிரில் உங்கள் முழங்கால் என்ன பாடுபடுகிறதோ என்று நினைக்காத நாளில்லை.

முதலில் நல்ல செய்தி. உங்கள் சீனத்துப் பூக்கிண்ணம் ஒரு கீறலும் இல்லாமல் நேற்றுப் பின்னேரம் கொட்டாஞ்சேனையில், உங்கள் பக்கம் வரும் ஐறீனின் கையில் போய்ச் சேர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை பிளேனில் மடியிலேயே வைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறா. இந்தக் கடிதமும் அவவின் கையில்தான் வரும். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் உங்கள் வீடு எரிந்தபோது பக்கத்து வீட்டுக் கிளறன்ஸ் மதிலுக்கு மேலால் எடுத்துத் தந்த ஒரே சாமான் அது. முந்நூறு வருசப் பழசு, இந்தப் பச்சை மினுக்கு இனி ஒருவருக்கும் கைவராது என்று களனிக் கம்பஸ்காரர் ஒருவர் சொன்ன பிறகு, அது இருந்த அலுமாரிக்குப் பக்கத்தில் நான் தும்மினதுகூட இல்லை. இன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன்.

கொண்டுபோன கதையைக் கேளுங்கள். தையல்நாயகி கிண்ணத்தைத் தன் பழைய உள்பாவாடைகள் ஐந்தில் சுற்றி, பிஸ்கட் பெட்டியில் வைத்துக் கட்டித் தந்தா. கீழ்வீட்டு ஷபீகாவும் அந்தப் பக்கம் போகிறவ என்பதால் ஒரே பஸ்ஸில் ஏறினோம். புறக்கோட்டைக்குக் கிட்ட செக்பொயின்ற். எல்லாரும் இறங்கி, அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு, அடையாள அட்டையைக் காட்டி நடந்து, அந்தப் பக்கத்தில் திரும்ப ஏறவேண்டும் என்பது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஆனால் அக்கா, இறங்கி ஏறினால் சன்னலோரச் சீட் போய்விடும், நின்றுகொண்டு போனால் நெரிசலில் கிண்ணம் நொறுங்கிவிடும், ஆகவே பெட்டியைச் சீட்டில் வைத்து இடம் பிடித்துவிட்டு நான் கைவீசிக்கொண்டு இறங்கினேன். பஸ்ஸுக்குள் ஏறிய சிப்பாய் பெட்டியைக் கண்டு, வெளியே எட்டிப் பார்த்து, "மேக்க காகெத?" என்று கேட்டான். இது யாருடையதாம். மற்றவர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் பையைத் தூக்கிக் காட்டினார்கள். அடுத்த நிமிசம் விசில் ஊதுகிறார்கள், ரோட்டை மறிக்கிறார்கள், கடைக்காரர் கதவு சாத்துகிறார்கள், கொண்டக்டர் டிக்கெட் புத்தகத்தையும் போட்டுவிட்டு ஓடுகிறான். அதிகாரி ஒருவர் நீளக் கயிறு கொண்டுவரச் சொன்னார். பெட்டியைக் கட்டி வெளியே இழுத்து வெடிக்கவைக்கப் போகிறார்களாம்.

என்னுடையது என்று சொன்னால் தமிழ்ப் பெயருள்ள அட்டையோடு என்னை எங்கே கொண்டுபோவார்களோ தெரியாது. சொல்லாவிட்டால் உங்கள் வீட்டில் மிஞ்சின அந்த ஒன்றும் போய்விடும். நீங்கள்தான் என் கண்ணுக்கு முன்னால் வந்தீர்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய், "சேர், அது என்ரை சாமான். நானே அவிட்டுக் காட்டுறன்" என்று சிங்களத்தில் சொன்னேன். ஷபீகா பயந்துபோய் வாழைப்பழ வண்டிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டா, பாவம். மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து துவக்குகள் பார்த்துக்கொண்டிருக்க, நான் தனியே பஸ்ஸில் ஏறி, பெட்டியைப் படியில் வைத்து, ஒவ்வொரு உள்பாவாடையாக உருவினேன். மூன்றாவதில் சனம் சிரிக்கத் தொடங்கிவிட்டது. ஐந்தாவதில் கிண்ணம் வெயிலில் மினுங்கியது. "லஸ்ஸனய்," வடிவாயிருக்கிறது என்று சொல்லி, அதிகாரி திரும்பச் சுற்றிக் கட்டவும் ஆளைப் பிடித்துத் தந்தார். சன்னலோரச் சீட்டும் கிடைத்தது.

பிள்ளைகளுக்கு எங்கள் அன்பு. எல்லாருக்கும் பிள்ளையார் துணையிருப்பார். கிண்ணத்தில் முதற்பூ வைக்கும்போது இந்தத் தம்பியையும் ஒருக்கால் நினைத்துக்கொள்ளுங்கள்.

என்றும் உங்கள் அன்புத் தம்பி,
சுந்தரலிங்கம்

பி.கு.: மச்சாள், இது தையல்நாயகி எழுதுறன். கடிதத்தை ஒட்டச் சொல்லித் தந்துபோட்டு இவர் குளிக்கப் போயிட்டார். வண்டிலுக்குப் பின்னால நிண்டது இவர். முன்னால போய், "அது எங்கட சாமான்" எண்டு சொல்லி, அஞ்சு பாவாடையும் அவிட்டது ஷபீகா. நான் கேட்டதுக்கு அவ, "ஐயாதான் பயமில்லாம போன" எண்டுதான் சொன்னவ. இவர்தான் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திப்போட்டு, அழுதழுது உண்மையைச் சொன்னவர். ஆனபடியால், பதில் எழுதேக்குள்ள தம்பியின்ரை தைரியத்தை மெச்சி ரெண்டு வரி எழுதுங்கோ. ஷபீகாவுக்கு வேறையா ஒரு கடிதம் போடுங்கோ, அதை என்ரை பேருக்கு அனுப்புங்கோ.