கருவாடு என்று சொல்லாதீர்கள்

தூண்டில் துரைகளை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. மீனை மீன்கடையில் வாங்குவது மட்டமான காரியம் என்று ஒரு நாள் திடீரென்று கண்டுபிடிப்பவர்கள். தில்லை நகரில் இந்த இனம் இப்போது பெருகி வருகிறது. மாதிரிக்கு, பல் டாக்டர் ரெஜிஸ்.

பனிமலை ஓடையில் ஒரு வெள்ளைக்காரர் ட்ரவுட் மீன் பிடித்து, வீட்டுக் கொல்லையில் புகை போட்டுச் சாப்பிடுகிற வீடியோவை டாக்டர் நாற்பது தடவை பார்த்தார். பார்த்ததும் தூண்டில் வந்தது, தொப்பி வந்தது, பதினான்கு பை வைத்த சட்டை வந்தது, மார்பு வரை ஏறுகிற ரப்பர் கால்சட்டை வந்தது. மீன்தான் வரவில்லை. ட்ரவுட் குளிர்நீர் மீன். நம் கொள்ளிடத்து வெயிலில் நீந்தினால் கரை சேர்வதற்குள் குழம்பாகிவிடும். அதனால் என்ன? மாமியார் வீட்டுக்கு அழைப்பே போய்விட்டது: "ஞாயிறு பூசை முடிஞ்சு எல்லாரும் வந்துடுங்க. என் கையால ஸ்மோக்டு பிஷ்!" கறி வாங்கக் கூடாது என்று மனைவி பெலிண்டாவுக்கு உத்தரவு வேறு. மானம் மொத்தமும் இப்போது தூண்டில் முனையில்.

சனிக்கிழமை காலை, கொள்ளிடம். அவர் நின்ற இடத்தில் தண்ணீர் கணுக்கால் வரை. ரப்பர் மார்பு வரை. இறகில் செய்த பொய் ஈயைத் தூண்டிலில் கட்டி மூன்று மணி நேரம் வீசினார். பரிசலில் கரைக்குத் திரும்பிய மீனவர் ராசப்பனுக்குப் பொறுக்கவில்லை.

"சார், மண்புழு தரட்டுங்களா?"

"வேணாங்க. இது மீனை ஏமாத்துற கலை."

"அது ஏமாறலையே சார்."

மண்புழு போட்டதும் மூன்று ஜிலேபிக் கெண்டைகள் விழுந்தன. உள்ளங்கை நீளம். போட்டோவுக்குக் கையை நன்றாக முன்னால் நீட்டியதில் முழங்கை நீளம்.

மாலை மொட்டைமாடியில், பழைய அரிசி டின்னுக்குள் மாமரத்தூள் புகைந்தது. கார்ப்பரேஷன் கொசு மருந்து அடிக்கிறது என்று தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது. வீடியோவில் ஒரு மணி நேரம் போதும் என்றிருந்தது. நம்மவர் ஆறு மணி நேரம் போட்டார். சிரத்தை!

மறுநாள் மேஜையில், எலுமிச்சை வட்டங்களுக்கு நடுவே, அந்த மூன்றும் விறைத்துக் கிடந்தன. மாமியார் ரோசரி முகர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, கருவாடு! நீங்களே போட்டீங்களா மாப்பிள்ளை?"

"கருவாடு இல்ல அத்தை. ஸ்மோக்டு பிஷ்."

"அதாங்க, கருவாடு. உப்புதான் பத்தல."

கத்தி இறங்கவில்லை. பல் டாக்டர் வீட்டிலேயே பல்லுக்கு ஆபத்து. பெலிண்டா தட்டை உள்ளே எடுத்துப் போனாள். வெந்நீரில் ஊறப்போட்டு, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்து, புளியைக் கொஞ்சம் தூக்கலாக விட்டுக் கொதிக்க வைத்தாள். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முதல் வாய் வரைக்கும்தான். மூன்றாம் முறை தட்டை நீட்டியபோது பெலிண்டா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க வேணும்? பேரைச் சொல்லிக் கேளுங்க."

மாமியார் வீடு மொத்தமும் காத்திருந்தது.

"கருவாட்டுக் குழம்பு," என்றார் டாக்டர், மிக மெதுவாக.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் டிகாஷனை ஃபிரிட்ஜில் வைத்து, 'கோல்டு ப்ரூ' என்று நண்பரிடம் நீட்டினீர்களே, அவர் "ஆறிப்போன காபியா?" என்று கேட்டபோது உங்கள் முகம் போன போக்கை உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். விவரமாகச் சொல்வார்கள்.