வரக்காப்பியும் சென்னை மாப்பிள்ளையும்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது பாதி சொல்லும்போதே மீதி எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தது தப்பாக இருந்தாலும் விடமாட்டேன். அப்படி நான் தொலைத்தவற்றில் பெரியது சென்னை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ராயப்பன்பட்டியில் அப்பாவுக்கு மூன்று கறவை மாடு, கொஞ்சம் திராட்சைத் தோட்டம். எனக்கு ஒரு நோட்டு. ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் வரும் பொது அறிவுத் துணுக்குகளை வெட்டி ஒட்டி, அது தலையணை கனத்துக்கு ஊதியிருந்தது. பொலிவியாவுக்கு இரண்டு தலைநகரம், மரத்தைக் கட்டிப்பிடித்து வெட்டவிடாமல் காத்த பெண்கள், காசு வாங்கிக்கொண்டு முதன்முதலில் சினிமா காட்டிய ஊர் (பாரிஸ்) எல்லாம் அதில் உண்டு. கறி மீன் மட்டுமில்லை, பால், நெய், தேன்கூடத் தொடாத ‘வீகன்’ ஆட்கள் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அதைப் படித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைப்பு.

சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு மொட்டைமாடியில் படுப்பேன். மலையிலிருந்து காற்று இறங்கும். கண்ணை மூடினால் சென்னை. மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தானாக மேலே தூக்கிப்போகும் படிக்கட்டில் நின்று தியேட்டருக்குப் போகிறேன். கடற்கரையில் யாரோ எதற்கோ போராடுகிறார்கள், நானும் ஒரு அட்டையைப் பிடித்து நிற்கிறேன். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. கடல் காற்றில் அது படபடவென்று அடிக்கும். எனக்கு அதுவே போதும்.

தவக்காலத்தில் ஒருநாள் உபதேசியார் வந்தார். (மாதா கோவிலில் ஜெபம் சொல்லிக்கொடுப்பவர். ஊருக்கெல்லாம் வரன் கொண்டுவருபவரும் அவர்தான்.) பெரியகுளத்துக் குடும்பம், பையனுக்குச் சென்னையில் கம்பெனி வேலை என்றார். அடுப்படியில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“தங்கமான பையன். கறி மீன் முட்டை எதையும் தொடுறதில்ல. பால் காப்பியக்கூட விட்டுட்டாக.”

அப்பா தலையாட்டினார். அவருக்கு விளங்கியது ஒன்று. எனக்கு விளங்கியது நோட்டில் ஒரு பக்கம். அன்றிலிருந்து என் மின்சார ரயிலில் பக்கத்தில் இன்னொருவரும் நின்றார். முகம் தெரியவில்லை. கையில் அட்டை இருந்தது.

ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலை அம்மா கேசரிக்கு எடுத்த நெய்யைப் பிடுங்கிவிட்டு எண்ணெய் ஊற்றினேன். ஏண்டி என்று கேட்டதற்கு, உனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரு என்றேன். (பெற்றவளிடம் பேசுகிற பேச்சா? அப்போது அப்படித்தான் பேசினேன்.) கறந்த பாலெல்லாம் விடியும்போதே சொசைட்டிக்குப் போயிருந்தது. விருந்தாளிகளுக்கென்று எடுத்துவைத்திருந்ததையும் கொல்லையில் எங்கள் கோம்பை நாய்க்கு ஊற்றிவிட்டேன். பாத்திரம் காலியாக இருப்பதைக் கண்ட அம்மா, செம்பைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் பால் வாங்க ஓடினாள். அவள் திரும்புவதற்குள் நான் ஏழு டம்ளர் வரக்காப்பியோடு முன்னறைக்குப் போய்விட்டேன்.

எங்கள் பக்கம் வீடு நிறைய ஆட்களுக்குப் பால் ஊற்றாத காப்பி கொடுப்பது சாவு விழுந்த வீட்டில் மட்டும்தான். இது எனக்குத் தெரியாததில்லை. நோட்டில் இல்லை, அதனால் ஞாபகம் வரவில்லை.

மாப்பிள்ளையின் அத்தை டம்ளருக்குள் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏத்தா, வீட்ல யாரும் தவறிட்டாகளா?”

அங்கேயே வாயை மூடியிருந்தால் அம்மா பாலோடு வந்து எப்படியாவது சமாளித்திருப்பாள். நான் விளக்க ஆரம்பித்தேன். எல்லாம் மாப்பிள்ளையின் கொள்கைக்காகத்தான் என்றேன். கன்றுக்குச் சேரவேண்டிய பாலை மனுஷன் குடிப்பது திருட்டு என்றேன். (அந்தப் பாலை விற்று என்னைப் படிக்கவைத்த அப்பா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.) அங்கிருந்து மரத்தைக் கட்டிப்பிடித்த பெண்களிடம் போய், எப்படியோ பொலிவியாவையும் தொட்டுவிட்டுத்தான் நிறுத்தினேன்.

மாப்பிள்ளை நல்ல மனுஷர். சிரிக்கவில்லை. “நான் தவக்காலத்துக்குத்தாங்க விட்டிருந்தேன்,” என்றார் மெதுவாக. “ஈஸ்டர் அன்னைக்கே பிரியாணி சாப்பிட்டாச்சு.”

ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள், பிடித்ததை விட்டிருக்கும் ஒறுத்தல். ஊரே இருந்தது. ஏன், நானே அந்த நாற்பது நாளும் கறி தின்னவில்லை. இதை எழுதும்போதுகூட என்னை நானே அறையலாம்போல இருக்கிறது.

அம்மா பால்செம்போடு வந்தபோது அவர்கள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழு டம்ளரும் ஏழு இடத்தில் அப்படியே ஆறிக்கிடந்தன. இரண்டு நாள் கழித்து உபதேசியார் வந்து, நல்ல காரியத்துக்குப் போன இடத்தில் இழவுக் காப்பி கொடுத்த சம்பந்தம் வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டதாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் கண்ணை மூடிப் பார்த்தேன். ரயில் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. அப்பா படியேறி வந்து ஒரு டம்ளரை என் பக்கத்தில் வைத்தார். பால் தூக்கலாக ஊற்றிய காப்பி.

“குடி. கன்னுக்குட்டிகிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

பிறகு உத்தமபாளையத்தில் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டேன். அவர் பெண் பார்க்க வந்தபோது காப்பியை அப்பாவே கலந்து, அப்பாவே தூக்கிவந்தார்.

சென்னையைப் பார்க்க இன்னும் ஆறு வருடம் ஆனது. ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மின்சார ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றேன். ஒருத்தன் காலை மிதித்தான், திட்டினேன். கனவில் இதெல்லாம் கிடையாது. வெயில் தாங்காமல் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். உள்ளே குளுகுளுவென்று இருந்தது, எங்கிருந்தோ மெல்லிசாகப் பாட்டு வந்தது. சோபாக்களில் சாய்ந்துகொண்டு பத்துப் பேர், பெரிய பெரிய கோப்பைகளில், கறுப்பாகக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் துக்கம் இல்லை. ரொம்ப நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“இங்கன பத்துப் பேரு உக்காந்து வரக்காப்பி குடிக்கிறாக,” என்றேன்.

அந்தப் பக்கம் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

“அடக்கம் எத்தன மணிக்காம்?” என்றார்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் பால் திரிந்துபோன காலையில் யாரும் காப்பி கேட்பதில்லை. நேரம்தான் கேட்கிறார்கள்.