மஞ்சள் நீரில் மண்வாக்கு

விஷமில்லா விவசாயத்துக்கு அரசாங்கம் உதவி அறிவித்ததுதான் தாமதம், ஸ்ரீவராகத்தில் ஒரு மகான் அவதரித்துவிட்டார். பெயர் சூடாமணி சுவாமி. விவசாய ஆபீசான கிருஷிபவனில் மண்ணை இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். இலவசமென்றால் யாருக்கு நம்பிக்கை வரும்? சுவாமி வாசலில்தான் கூட்டம், ஆளுக்கொரு மண் பொட்டலத்தோடு.

வெள்ளைக் கிண்ணத்தில் மஞ்சள் நீர். சுவாமி ஒரு சிட்டிகை மண்ணைப் போட்டு விரலால் கலக்குவார். சிவந்தால் மண்ணில் விஷம், உதவி கிடைக்காது. பூஜைக்குப் பணம் கட்டியவர்களின் மண் மட்டும், என்ன மாயமோ, சிவப்பதேயில்லை. மாடித் தக்காளிக்கு வாராவாரம் பூச்சிமருந்து அடிக்கும் பிச்சுமணியின் மண்கூடப் பரிசுத்தம்!

அடுத்தது, குத்தகை நிலத்தில் கீரை போட்டுப் பிழைக்கும் சுடலைமாடத்தி. நீர் ரத்தமாயிற்று.

“வெஷம் உண்டு. மண்ணு கள்ளம் பறையாது! பூஜை கட்டு. இல்லேங்கில், நாளைக்கு மண்ணு பாக்க கிருஷிபவன் ஆபீசர் வருமுன்னே கீரை முழுக்கப் பிடுங்கித் தீ வை.”

“யூரியாவக் கையால தொட்டதில்லயே சாமி! பூஜைக்கு வழியில்ல. கீரையும் போச்சுன்னா புள்ளைங்களுக்கு எதப் போட்டுச் சோறாக்குவேன்?”

சொல்லிவிட்டு, பிடுங்கவே கிளம்பிவிட்டாள். வழிமறித்தாள் காலையிலிருந்து வேடிக்கை பார்த்து நின்ற ராஜஸ்ரீ; கழக்கூட்டம் என்ற ஊரில் கம்ப்யூட்டர் வேலை, அன்று லீவு.

“நில்லு அக்கா. சுவாமி, மண்ணே வேண்டாம். அதே விரலை மட்டும் முக்கிக் காட்டுங்கோ.”

“மண்ணில்லாதெ வாக்கு வராது.”

“வரதா இல்லையான்னுதான் பார்க்கணும்.”

பிச்சுமணிக்கு மூக்கு விடைத்தது. “தெய்வத்தண்டை வெளையாடப்படாது, கேட்டியா? சுவாமி, முக்குங்கோ! இவளுக்குப் புத்தி வரட்டும்.”

சுவாமி கையை இழுத்துக்கொண்டார். பக்தி முற்றிய பிச்சுமணி விடுவாரா? மணிக்கட்டைப் பிடித்துப் புது மஞ்சள் நீரில் அமுக்கினார்.

குபீரென்று சிவந்தது. அடுத்த ஆளின் மண் பொட்டலம் பிரிக்கப்படாமல் பக்கத்தில் கிடந்தது.

“அப்ப வெஷம் எம் மண்ணுல இல்ல, இந்த ஆளு வெரல்லதான்!” என்றாள் சுடலைமாடத்தி.

“வலது நகத்துல சுண்ணாம்பு, அக்கா. பூஜை கட்டினவாளுக்கு இடது கை!”

மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால் சிவக்கும். கல்யாணத்துக்குக் கல்யாணம் ஆரத்தி கரைத்த கைகள்தான் அங்கே கும்பிட்டு நின்றன.

சுவாமி பின்வாசலைத் தேடினார். பிச்சுமணி முனகினார்: “அப்போ எங்காத்து மண்ணு சுத்தம்னது?”

“ஆபீசர் வந்து சொல்லுவார், மாமா.”

சுடலைமாடத்தி கீரைக்குத் தண்ணீர் விடப் போனாள்.

மண்ணைச் சோதிக்க அரசாங்கம் ஆள் அனுப்பும். தலைக்குள் இருப்பதை, ஐயா, நாமேதான் கிளறிப் பார்க்க வேண்டும். அதற்கு மானியம் கிடையாது.